இடது பக்கத்து இரைச்சல்

1

சென்ற மாதம் என் கம்பெனியில் எனக்கு ஒரு சான்றிதழும் பேரங்காடியில் சாமான் வாங்கப் பற்றுச்சீட்டும் கொடுத்தார்கள். ஜூரோங்கில் ஒரே கப்பல் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்ததற்காக. சான்றிதழில் என் அப்பாவின் பெயர் இருந்தது. பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் முன்னால், எந்தப் பெயர் பின்னால் என்று அந்தக் காலத்தில் யாரோ ஒரு ஏஜெண்ட் நிரப்பிக் கொடுத்த படிவத்தின் பலன் அது. இந்த ஊரின் எல்லா அலுவலகங்களிலும் நான் கோவிந்தசாமிதான். அவர் சிங்கப்பூரைப் பார்த்ததே இல்லை. மேடையில் "மிஸ்டர் கோவிந்தசாமி" என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்து போய் அவருக்காக வாங்கிக்கொண்டேன்.

இருபது வருடம் ஓரிடத்தில் இருந்தது எனக்கே ஆச்சரியம்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, பட்டுக்கோட்டையில் சவுண்ட் சர்வீஸ், பம்பாயில் ஓட்டல், துபாயில் கட்டட வேலை, ஜொகூரில் மரப் பட்டறை என்று சுற்றியவன். ஒரு இடத்தில் துணி காய்வதற்குள் அடுத்த இடத்துக்குப் பை கட்டுவேன். இங்கே தங்கியதற்குக் காரணம் சாந்தி. அவள் இங்கேயே பிறந்தவள். வேலை அனுமதியில் இருக்கிறவன் இந்த ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்ய மனிதவள அமைச்சில் அனுமதி வாங்க வேண்டும். நாங்கள் இருவரும் ஏன் ஒருவரை ஒருவர் விரும்புகிறோம் என்பதற்குக் காகிதம் காகிதமாக விளக்கம் எழுதிக் கொடுத்தோம். அனுமதி வந்தது. பிறகு கயல் பிறந்தாள். தெம்பனிஸில் மூவறை வீடு, எனக்கு நிரந்தரவாசி அட்டை. இனி நகர முடியாது என்றாகிவிட்டது.

பற்றுச்சீட்டைச் சாந்தியிடம் கொடுத்து, அதற்கு ஈடாக ரொக்கம் கேட்டேன்.

"என்னத்துக்கு?" என்றாள்.

"பாட்டுக் கேக்க ஒரு செட் வாங்கப்போறேன்."

"போன்ல கேக்குது இல்ல? அதே பாட்டுத்தானே?"

அதே பாட்டு இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

2

சவுண்ட் சர்வீஸில் நான் ஆறு வருடம் இருந்தேன் என்று நண்பர்களிடம் சொல்வது வழக்கம். உண்மையில் ஒன்றரை வருடம். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் கட்டினேன். பனைமரத்தில் ஏறி நாலு திசைக்கும் நாலு குழாய் கட்டிவிட்டு இறங்கினால், நாலிலும் ஒரே சத்தம் வரும். பாட்டு நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. எத்தனை தெரு தாண்டிக் கேட்கிறது என்பதுதான் கணக்கு.

அதனால் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவனில்லை நான். வீணை இடது பக்கமும் புல்லாங்குழல் வலது பக்கமும் உட்கார்ந்திருக்கும், பாடுகிறவர் நடுவில் நின்று பாடுவார், கண்ணை மூடினால் ஆட்கள் இருக்கும் இடம் தெரியும் என்று துபாயில் எங்கள் என்ஜினியர் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் அறையைத் துடைக்கப் போனபோது கதவருகே நின்று கொஞ்சம் கேட்டிருக்கிறேன். ஒருநாள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று அன்று நினைத்தது, ஐம்பத்திரண்டு வயதில் கைகூடியது.

3

ஜாலான் புசாரில் ஹார்டுவேர் கடைகளுக்கு மேலே, மாடியில், பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்த்து விற்கிறவர் ஆரோக்கியசாமி. அறுபதைத் தாண்டியவர், இங்கேயே பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பங்குத் தேவாலயத்தின் மைக்குகளைப் பார்த்துக்கொள்கிறவர். படியேறிப் போய், நானும் இந்தத் தொழில் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள, "எத்தனை வாட்டுல இருக்கு?" என்று கேட்டேன்.

"ஹால் எவ்வளவு பெருசு?"

"தெம்பனிஸ் மூவறை வீடு."

"அப்ப வாட்டு என்னத்துக்கு பிரதர்? தீமிதி நடத்தப்போறீங்களா? பக்கத்து வீட்டு ஆண்ட்டி போலீஸைக் கூப்பிடுவாங்க லா."

அவர் சொன்னதை ஊரில் இருக்கும் உங்களுக்காக எழுதிவைக்கிறேன். கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். ஆம்ப்ளிஃபயர் பழையது போதும், ஆனால் ஒலிக் குமிழைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வரக்கூடாது. சின்ன அறைக்குச் சின்ன ஸ்பீக்கர் போதும். விலை உயர்ந்த வயர் என்று யாராவது நீட்டினால் கும்பிட்டுவிட்டு வாருங்கள், சாதாரணச் செம்பு வயர் போதும். சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்ட வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் அடித்தொண்டைச் சத்தம் காணாமல் போகும். ஸ்பீக்கர்கள் இரண்டும் நீங்கள் உட்காரும் நாற்காலியும் ஒரு முக்கோணமாக இருக்க வேண்டும். மேலே இருக்கும் சின்ன வட்டம் உங்கள் காது உயரத்துக்கு வர வேண்டும். சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள்.

ஒரு முழம் தள்ளி வைத்ததில் சாந்திக்குத் துணி காயப்போடும் கம்பியை எடுக்கும் வழி அடைபட்டது. "மனுசங்க இருக்க இடமில்ல, பாட்டுக்காரங்களுக்கு இடம் வேணுமாம்" என்றாள். கயல் பாலிடெக்னிக்கிலிருந்து வந்தாள். காதில் இயர்போன், இரண்டு வெள்ளைப் பொட்டுகளாக இருந்தது. அதில் ஒன்றை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

"உக்காரும்மா, கேளு."

உட்கார்ந்தாள். ஒரு சரணம் கேட்டாள். "நைஸ்ப்பா" என்று சொல்லிவிட்டு அந்த வெள்ளைப் பொட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டு அறைக்குள் போனாள்.

எனக்கு நைஸாக இல்லை. வலது பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. இடது பக்கம் பாட்டு கம்பளிக்குள் இருந்து வந்தது. தாளத் தட்டின் கூர்மை இல்லை. 'ச' என்ற எழுத்தே இல்லை. அதற்கு மேல், பாட்டு நின்ற பிறகும் அந்தப் பக்கம் மெல்லிசாக ஓர் இரைச்சல் இருந்தது.

தொழில் தெரிந்தவன் இல்லையா? முறையாகச் சோதித்தேன். டார்ச்சு பேட்டரி ஒன்றை எடுத்து ஸ்பீக்கர் வயரில் தொட்டுப் பார்த்தேன். இரண்டு கூம்புகளும் ஒழுங்காக வெளியே தள்ளின, சிவப்பு கறுப்பு மாறவில்லை. இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் இடது பக்கம்தான் மந்தம். வயரை மாற்றினேன். போனிலிருந்து வரும் கம்பியைக்கூடப் புதிதாக வாங்கினேன். மந்தம் இடது பக்கத்தை விட்டு நகரவில்லை. ஸ்பீக்கரில் குற்றம் இல்லை, வயரில் இல்லை. அப்படியென்றால் ஆம்ப்ளிஃபயரின் இடது பக்கம் போய்விட்டது. ஆரோக்கியசாமி என்னை ஏமாற்றிவிட்டார்.

4

சனிக்கிழமை மதியம் அந்த இரும்புப் பெட்டியைப் பையில் சுமந்துகொண்டு எம்ஆர்டி ரயிலில் போனேன்.

"என்ன பிரதர், ஒரே வாரத்துல வாபஸா?"

"லெஃப்ட் சைடு செத்துப்போச்சுண்ணே. இரைச்சல் வேற. நீங்க டெஸ்ட் பண்ணித்தான் குடுத்தீங்களா?"

அவருக்கு முகம் சுருங்கியது. பெட்டியைத் தன் மேசையில் வைத்து, அங்கிருந்த இரண்டு ஸ்பீக்கர்களில் மாட்டினார். எனக்கு ஒரு நாற்காலி போட்டார். ஒரு பாட்டை ஓடவிட்டார்.

"இப்ப?"

"அதேதான். லெஃப்ட்டு மந்தம்."

"எனக்கு ஒழுங்காக் கேக்குதே."

"உங்களுக்கு வயசாச்சுண்ணே" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பாட்டை நிறுத்தினார். "இரைச்சல் கேக்குதா?"

"கேக்குது. ஸ்ஸ்ஸ்னு. எர்த் சரியில்ல."

அவர் குனிந்தார். நிமிர்ந்தார். "இப்ப?"

"இப்பவும்தான்."

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். சுவரிலிருந்து பிடுங்கிய பிளக்கு அவர் கையில் இருந்தது.

நான் பிளக்கைப் பார்த்தேன். பெட்டியின் விளக்கு அணைந்திருந்தது. இரைச்சல் இருந்தது.

"எழுந்திரிங்க" என்றார். நாற்காலியைத் திருப்பிப் போட்டார். ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் அதே பாட்டைப் போட்டார். இப்போது மந்தமாக இருந்தது மற்ற ஸ்பீக்கர். வீணை தெளிவாக இருந்தது, புல்லாங்குழல் கம்பளிக்குள் போயிருந்தது.

ஒரு வாரமாக எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருக்கிறேன். நாற்காலியை மட்டும் திருப்பிப் போடவில்லை.

"எங்க வேலை?" என்றார் ஆரோக்கியசாமி.

"ஜூரோங். கப்பல் பட்டறை. கிரைண்டிங்."

பெட்டியைத் துடைத்து, பையில் வைத்து, கீழே வரை தூக்கிக்கொண்டு வந்தார். படியில் இறங்கும்போது என் இடது பக்கத்தில் ஏதோ சொன்னார். நான் "ஆமாண்ணே" என்றேன். எதற்கு ஆமாம் என்றேனோ தெரியாது.

5

கிரைண்டிங் என்றால் இரும்புத் தொட்டிக்குள் இறங்கி இரும்பைத் தேய்ப்பது. உள்ளே நாலைந்து பேர் ஒரே நேரத்தில் தேய்த்தால் பல்லில் அதிரும். காதில் வைக்க மஞ்சள் பஞ்சு கொடுப்பார்கள். நான் வலது காதில் மட்டும் வைப்பேன். வாக்கிடாக்கி இடது தோளில் தொங்கியது. மேலேயிருந்து கூப்பிடுவது கேட்காவிட்டால் திட்டு விழும் என்று இடது காதைத் திறந்தே வைத்தேன். இருபது வருடம் அப்படித்தான்.

வருடத்துக்கு ஒரு தடவை காது பரிசோதனை உண்டு. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். 'பீப்' கேட்டால் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நர்ஸ், இங்கே தாதி என்போம், உட்கார்ந்து சத்தத்தை அனுப்புவார். அனுப்பும்போது அவருடைய வலது தோள் லேசாக இறங்கும். இதைப் பத்து வருடத்துக்கு முன்பு கண்டுபிடித்தவன் நான். தோள் இறங்கினால் அமுக்கு. காதில் விழுகிறதா என்று யோசித்துக்கொண்டிருக்காதே. என்னோடு லாரியில் வந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தேன். எங்களுக்குள் அதற்கு 'தோள் பாஸ்' என்று பெயர். காது மோசம் என்று எழுதிவிட்டால் சத்தமுள்ள இடத்தில் வேலை கிடையாது. சத்தமில்லாத இடத்தில் எங்களுக்கு என்ன வேலை? அனுமதிச் சீட்டில் இருக்கிறவனுக்கு அடுத்து விமான டிக்கெட்தான்.

அப்போது என் காது நன்றாக இருக்கிறது என்றே நம்பினேன். தோளைப் பார்ப்பது ஒரு பாதுகாப்புக்கு என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வருடமும் நார்மல் என்று எழுதினார்கள். ஒரு முறை டாக்டர் ஆங்கிலத்தில், காதில் 'ரிங்கிங்' இருக்கிறதா என்று கேட்டார். நான் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, அணைத்துத்தான் வைத்திருக்கிறேன் என்று காட்டினேன். அவர் 'இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

ஆரோக்கியசாமி கடையிலிருந்து வந்து விஷயத்தைச் சொன்னேன். சாந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"எத்தனை நாளு கூப்பிட்டுருப்பேன்? திமிரு புடிச்சவன், வேணும்னே கேக்காத மாதிரி இருக்கான்னு எங்கக்காகிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள். பிறகு, "சாரிங்க" என்றாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் சாரி சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கயல் அறை வாசலில் நின்றாள். "எந்தக் காதுப்பா?"

"இடது."

"லெஃப்ட்டா?" அவள் எதையோ எண்ணிப் பார்ப்பவள் போல இருந்தாள். "செக்கண்டரி த்ரீல ஒரு சண்டே, எம்ஆர்டில லிட்டில் இந்தியா போனோம். நான் உங்க லெஃப்ட்ல உக்காந்திருந்தேன். ஸ்கூல்ல கேர்ல்ஸ் என் கலரை வச்சு என்னென்ன சொல்றாங்கன்னு ஃபுல்லாச் சொன்னேன். நீங்க 'ம், சரிம்மா'ன்னு சொன்னீங்க."

எனக்கு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையே நினைவில்லை.

"அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்லல. ஐ தாட், உங்களுக்கு அது பெரிய மேட்டர் இல்ல போலன்னு" என்றாள்.

பிள்ளைகள் ஆங்கிலம் பேசிப் பேசி நம்மை விட்டுப் போய்விடுகிறார்கள் என்று இங்குள்ளவர்கள் எல்லோரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். கயல் அன்று என்னிடம் தமிழில்தான் சொல்லியிருக்கிறாள்.

6

இந்த வருடப் பரிசோதனை போன வாரம் ஜூரோங்கில் ஒரு கிளினிக்கில் நடந்தது. ஒரு லாரியில் பன்னிரண்டு பேர் போனோம். என் பக்கத்தில் செல்வம் உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு வயது, அறந்தாங்கிப் பக்கம். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில். எட்டு வருடமாக என்னோடு தொட்டிக்குள் இறங்குகிறவன். லாரியில் போகும்போதே அவனிடம் பேசினேன்.

"செல்வம், இந்தத் தடவை தோளைப் பாக்காத. கேட்டா மட்டும் அமுக்கு."

"என்னண்ணே, திடீர்னு?"

"எனக்கு ஒரு காது போயிருச்சு."

"எனக்கு ரெண்டும் போயிருச்சு" என்று சிரித்தான். "புள்ளைங்க போன்ல பேசுனா ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்குது. அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க? வேலையை விட்டு அனுப்பிட்டா நீங்க சோறு போடுவீங்களா?"

லாரியில் மற்றவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் என் முறைதான் வந்தது. கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். தாதியின் தோள் என் பார்வையில் பட்டால் கட்டைவிரல் தானாக அமுங்கிவிடும் என்று பயம். வலது காதில் கொசு மாதிரி ஒன்று வந்தது, அமுக்கினேன். மறுபடியும் வந்தது, அமுக்கினேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. இடது காதுக்கு மாறிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. அங்கே என்னுடைய இரைச்சல் மட்டும் இருந்தது. கட்டைவிரலைப் பொத்தான் மேல் சும்மா வைத்திருந்தேன். கதவு திறந்து தாதி என் தோளைத் தட்டினார். "அங்கிள், தூங்கிட்டீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

டாக்டர் இளம்பெண். சீனப் பெண். போன வருடத்துத் தாளையும் இந்த வருடத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். கோபமில்லாமல்தான் கேட்டார். போன வருடம் நார்மல், அதற்கு முந்திய வருடமும் நார்மல். ஒரே வருடத்தில் இப்படி ஆகாது. ஏதாவது வெடிச் சத்தமா, விபத்தா? நான் இல்லை என்றேன். அப்படியானால் இழப்பீடு கேட்பதற்காக வேண்டுமென்றே அமுக்காமல் இருந்தீர்களா?

பத்து வருடம் பொய் சொன்னபோது நம்பினார்கள். எனக்கு அவமானத்தைவிட எரிச்சல்தான் வந்தது. என் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்: "போன வருடமும் இப்படித்தான். சிஸ்டர் தோளைப் பார்த்து அமுக்கினேன்."

பக்கத்தில் நின்ற தாதி தன் தோளைத் தானே திரும்பிப் பார்த்தார்.

"எல்லோரும் அப்படியா?" என்று கேட்டார் டாக்டர்.

"நான் மட்டும்தான்" என்றேன். அந்த அளவுக்கு யோசனை இருந்தது. அதற்கு முன்னால் இல்லை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்து செல்வம். அவன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அவனுக்குப் பின்னால், திறந்திருந்த கதவு வழியாக, தாதி தன் நாற்காலியை இழுத்துச் சுவர் ஓரமாக, கண்ணாடி வழியாகத் தெரியாத இடத்தில் போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? தோள் இல்லை என்றா? அவன் உள்ளே போய்விட்டான். கதவு மூடியது.

எனக்கு ஆனதைவிட அவனுக்கு அதிக நேரம் ஆனது. அவன் வெளியே வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது.

"உள்ள என்னண்ணே சொன்னீங்க?"

"என்னைப் பத்தி மட்டும்தான்டா சொன்னேன். உண்மையச் சொன்னேன்."

"உங்களுக்கு வீடு இருக்கு. அண்ணி இந்த ஊருக்காரங்க. நீங்க உண்மை சொல்லலாம்" என்றான். சத்தம் போடவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லாரிக்குப் போய்விட்டான். மீதிப் பத்துப் பேரும் ஒவ்வொருவராக அந்த அறைக்குள் போய்விட்டு வந்தார்கள். திரும்பும்போது லாரியில் யாரும் என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து என்னைச் சாமான் அறைக்கு மாற்றிவிட்டார்கள். கையுறை, திருகாணி எண்ணிக் கொடுக்கிற வேலை. அமைதியான இடம். செல்வத்துக்கு மறுபரிசோதனைக்கு அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் தவறினால் அனுமதிச் சீட்டைப் புதுப்பிப்பார்களா என்பது சந்தேகம். நேற்று காலை கையுறை வாங்க வந்தான். கையெழுத்துப் போட்டு, ஒரு ஜோடி எடுத்துக்கொண்டு, தொட்டிப் பக்கம் போனான். இந்த முறை எப்படித் தப்பிப்பது என்று அவன் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறொரு வழி கண்டுபிடித்துச் சொல்லியிருப்பேனா, மாட்டேனா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.